நேற்று எங்கே போனீர்கள்?

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. மெல்பர்ன் நகரத்தின் மேற்கு ஓரத்தில் புதிதாக எழும்பியிருக்கும் ஒரு குடியிருப்பின் பள்ளிக்கூட அரங்கில், கையில் மைக்கோடு நின்றிருந்தேன். இங்கே ஒரு நகராட்சியின் போக்குவரத்துத் திட்டப் பிரிவில் எனக்கு வேலை. புதுக் குடியிருப்புகளில் சாலை எங்கே, நடைபாதை எங்கே, பஸ் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைபடம் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. அவ்வப்போது இப்படி மக்கள் முன்னால் நின்று பதில் சொல்லவும் வேண்டும்.

கூட்டம் கலையும் நேரத்தில் ஹர்ப்ரீத் என்ற பெண் எழுந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டிலிருக்கும் ஒரே காரைக் கணவன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ரயில் நிலையத்துக்கு நாற்பது நிமிடம் நடக்கிறாள். நடைபாதை இல்லை, வண்டிகள் பறக்கும் சாலையோரப் புல்லில்தான் நடை.

"வீடு வாங்கும்போது எங்களுக்குக் காட்டிய படத்தில் நீல நிறக் கோடு ஒன்று இருந்தது. பஸ் தடம் என்று சொன்னார்கள். அந்த பஸ் எப்போது வரும்?" என்று கேட்டாள்.

நான் எப்போதும் சொல்லும் பதிலைச் சொன்னேன். கணக்கெடுப்பில் போதுமான பயணிகள் இருப்பது தெரிந்தால் பரிசீலிப்போம். அவள் நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்து காரில் ஏறினேன். இதே கேள்வியை என் அண்ணி என்னிடம் கேட்டிருக்கிறாள். என் அண்ணன் மகள் ஒரு அதிகாரியிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய இதே பதில்தான். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. ஆனால் இதில் என் கையும் இருக்கிறது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

2

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வடக்கே, கடலுக்கும் எண்ணூர் போகும் சாலைக்கும் நடுவில் ஒரு பட்டை நிலம். அதில்தான் எங்கள் குப்பம். முன்வாசலில் இறங்கினால் கண்டெய்னர் லாரிகள், பின்வாசலில் இறங்கினால் படகுகள். எனக்குச் சின்ன வயதிலேயே அப்பா இறந்துபோனார். அண்ணன் தேசப்பன்தான் படகேறி என்னைப் படிக்க வைத்தது. சிவில் இன்ஜினியரிங் முடித்து, கல்யாணமாகி, இங்கே வந்து பதினாறு வருடமாகிறது.

அண்ணி கஸ்தூரி மீன் விற்கிறவள். விடியும் முன்பே நடந்து காசிமேட்டுக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு தண்டையார்பேட்டைத் தெருக்களுக்குள் நுழைந்தால் காலை பத்து மணிக்கெல்லாம் கூடை காலி. அண்ணனுக்குப் படகு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மகள் நந்தினிக்குப் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அந்த வீட்டில் யாருக்கும் வேலைக்குப் போவது என்பது ஒரு பிரயாணமாக இருந்ததில்லை. செருப்பை மாட்டினால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். மாற்று வீடு எண்ணூர் கழிமுகத்தையும் தாண்டி, மீஞ்சூர் பக்கம், உள்ளே தள்ளி ஒரு புதுக் குடியிருப்பில். அண்ணன் அந்தத் திட்ட வரைபடத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். அன்றே பேசினான்.

"பாப்பா, பாத்தியா? இன்னா போட்டுகீது அதுல?"

"பார்த்தேண்ணா. நாலு மாடி. வீட்டுக்குள்ளேயே பாத்ரூம், சமையலறை எல்லாம் இருக்கு. ஸ்கூலுக்கு இடம் விட்டிருக்காங்க, ஆஸ்பத்திரிக்கு இடம் விட்டிருக்காங்க."

"அத்த வுடு. பஸ்ஸு? உங்கண்ணி அதான் கேட்டுகினே கீறா. காசிமேடு வந்து போணும்ல?"

"பஸ் ஸ்டாண்ட் போட்டிருக்கு. கேட்டுக்குப் பக்கத்துலயே."

"கரெக்டா தெர்தா?"

"நான் பார்க்கிற வேலையே அதுதானேண்ணா."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "பஸ் ஸ்டாண்டு கீதாமா? பஸ்ஸும் கீதான்னு கேளு."

நான் சிரித்தேன். வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொன்னேன். மழைக்கு மழை வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் இடத்தில் நந்தினி வளர வேண்டாம் என்று நினைத்தேன், அது பொய்யில்லை. ஆனால் வரைபடத்தில் கட்டம் போட்டு பஸ் ஸ்டாண்ட் என்று எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும் என்பதும், வீடு வந்த பிறகு பஸ் வருவதற்கு எத்தனை வருடமானாலும் ஆகலாம் என்பதும் எனக்குத் தொழில்முறையில் தெரிந்த விஷயங்கள். அப்படிக் கட்டங்களை நானே போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. ஊரிலிருந்து வந்த காகிதம் என்றதும் நான் ஒரு தங்கையாக மட்டும் ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

தேசப்பனின் தங்கை வெளிநாட்டில் இதே வேலைதான் பார்க்கிறாள், அவளே சரி என்று சொல்லிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். போடமாட்டோம் என்று நின்ற ஏழெட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வருடம் கழித்து தண்டையார்பேட்டைப் பக்கமே வீடு கிடைத்தது.

3

அவர்கள் குடிபோன புதுக் குடியிருப்பிலிருந்து ரயில் நிலையம் ஆறு கிலோமீட்டர். நடுவில் ஒரு லெவல் கிராசிங். சாலையின் இரண்டு பக்கமும் கண்டெய்னர் கிடங்குகள்; லாரிகள் உள்ளே போகக் காத்து வரிசையில் நிற்கும். ஷேர் ஆட்டோ ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். கேட் மூடினால் சரக்கு ரயில் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. மின்சார ரயில் வந்து ராயபுரத்தில் இறக்கிவிடும்போது வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

முதல் ஷேர் ஆட்டோ வருவதற்குள் காசிமேட்டில் ஏலம் முடிந்துவிடும். அண்ணி ஆறு மாதம் போராடிப் பார்த்தாள். மிச்சம் மீதி மீனை வாங்கி, வெயிலேறிய பிறகு தெருவுக்குள் நுழைந்தால், வழக்கமாக வாங்குகிறவர்கள் வேறு ஆளிடம் வாங்கியிருப்பார்கள். திரும்பும்போது கூடையைப் பார்த்து ஆட்டோக்காரன் ஏற்றமாட்டான். "கலீஜா ஸ்மெல் வருதுன்றாங்கக்கா, மத்தவங்க எறங்கிட்றாங்க" என்பானாம். ஒரு நாள் கூடையைக் கழுவி பால்கனியில் கவிழ்த்து வைத்தவள்தான், அதன் பிறகு எடுக்கவே இல்லை.

அண்ணனுக்கு அதுவும் முடியாது. விடியும் முன் படகில் இருக்க வேண்டியவன். காசிமேட்டில் வலை வைக்கும் கூடத்திலேயே படுக்க ஆரம்பித்தான். முதலில் இரண்டு நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அப்படியானால் எல்லோரும் காசிமேட்டுப் பக்கமே வாடகைக்கு வந்துவிடலாமே என்று கேட்டேன். முடியாது. வீடு பூட்டியிருந்தால் ஒதுக்கீடு ரத்தாகும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவ்வப்போது வந்து கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே ஒருத்தர் வீட்டைக் காக்க வேண்டும், ஒருத்தர் படகைக் காக்க வேண்டும்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் நந்தினி. பி.காம். முதல் வருடம் ராயபுரம் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். இலவச பஸ் பாஸ் கேட்டு விண்ணப்பித்தபோது ஆதாரில் புது முகவரி, ரேஷன் கார்டில் பழைய முகவரி. இரண்டும் ஒன்றாக வரட்டும் என்றார்கள். ஒன்றாக்கிக் கொண்டுபோனபோது, "இந்த அட்ரஸுக்கு பஸ் ரூட்டே இல்லையேம்மா, பாஸ்ல எந்த ஸ்டாப் பேரு போட்றது?" என்று கேட்டார்களாம். அவள் இதைச் சொல்லிச் சிரித்தாள். கல்லூரியில் முதல் வகுப்பு அவளுக்கு எப்போதும் பாதியில்தான் தொடங்கியது. தாமதமாக வந்தால் ஆப்சென்ட் என்று ஒரு விதி.

4

நான் வந்த புதிதில் அலுவலகத்தில் ஒரு கூட்டம். நாலு பேருக்காக பஸ் விட முடியாது என்று சொல்ல நினைத்து, தமிழிலேயே யோசித்து ஆங்கிலத்தில் 'லீவ் எ பஸ்' என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸை எங்கே விட்டுவிட்டு வரப் போகிறோம் என்று என் மேலதிகாரி குழம்பினார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம் மொழியில் பட்டத்தையும் விடுகிறோம், பஸ்ஸையும் விடுகிறோம் என்று விளக்கினேன். இப்போது அந்தத் தவறு செய்வதில்லை. நாலு பேருக்காக பஸ் விட முடியாது என்பதைப் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்துவிட்டது.

என் மகள் மீராவுக்குப் பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறேன். எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்கக்கூட கார் வேண்டும். உரிமம் கிடைத்தால்தான் அவளுக்கு விடுதலை, நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் அப்படி ஓட்டிக்கொண்டு போகும்போது நந்தினியின் கதையைச் சொன்னேன். ரவுண்டானாவில் கவனமாகத் திரும்பிவிட்டுக் கேட்டாள்.

"அவங்க ஏன் டிரைவ் பண்ணல?"

"கார் இல்லை மீரா."

"ஸோ, ஏன் அவ்வளவு ஃபார் போய் வீடு வாங்கினாங்க?"

வாங்கவில்லை, கொண்டுபோய் வைத்தார்கள் என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சின்ன வயதில் இவளும் நந்தினியும் போனில் மணிக்கணக்காகப் பொம்மை காட்டிப் பேசியவர்கள். இப்போது நந்தினி "மீரா இன்னா பண்றா அத்த?" என்று என்னிடம் கேட்பாள். மீரா கேட்பதில்லை.

5

கல்லூரியில் வருகைப் பதிவு குறைகிறது என்று முதல் எச்சரிக்கை வந்தபோது, எனக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டாள். வெறும் மனு கொடுத்தால் மேசைக்கு அடியில் போகும், கணக்கோடு கொடுத்தால் மறுக்க முடியாது என்று நந்தினியிடம் சொன்னேன். இங்கே நாங்கள் செய்வது மாதிரி ஒரு கணக்கெடுப்பு. வீட்டில் எத்தனை பேர்? நேற்று யார் எங்கே போனார்கள்? எத்தனை மணிக்கு, எந்த வண்டியில்? கேள்விகளை நானே தமிழில் எழுதி அனுப்பினேன்.

அவள் ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கோடு போட்டுக்கொண்டாள். இரண்டு வாரம், மாலை வேளைகளில் மாடி மாடியாக ஏறி இறங்கினாள். அவளை நான் அவ்வளவு உற்சாகமாகப் பார்த்ததில்லை. நடுவில் ஒரு நாள் போன் செய்தாள்.

"அத்த, ஒரு டவுட்டு. நேத்து எங்க போனீங்கன்னு கேட்டா, நெறைய பேரு எங்கயும் போவலன்றாங்க. மின்ன எங்க போய்கினு இருந்தீங்கன்னு ஒரு கேள்வி சேத்துக்கவா? வேலைய வுட்டவங்க நெறைய பேரு கீறாங்க."

"வேண்டாம்மா. கணக்கெடுப்புன்னா நேற்றைய பயணம்தான். அதுதான் முறை. முன்னே எங்கே போனேன்னு கேட்டா ஆளாளுக்குக் கூட்டிச் சொல்வாங்க, அதிகாரிங்க நம்பமாட்டாங்க."

"சரி அத்த" என்றாள்.

அவள் படம் எடுத்து அனுப்பிய நோட்டை நான் அட்டவணையாக்கி, மேலே ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். நந்தினியும் அண்ணியும் இன்னும் சில பெண்களும் அதை எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரியாம். உட்காரச் சொல்லி, ஒவ்வொரு பக்கமாகப் படித்திருக்கிறார். நான் பயந்தபடி மேசைக்கு அடியில் போடவில்லை. படித்து முடித்துவிட்டு நந்தினியிடம் கேட்டிருக்கிறார்.

"இத நீயாம்மா எடுத்த? ரொம்ப நீட்டா பண்ணியிருக்க. ஆனா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க, பாதிக்கு மேல வீட்ல யாரும் எங்கயும் போறதில்லன்னு. அப்புறம் பஸ் யாருக்கும்மா?"

அண்ணி சொல்லியிருக்கிறாள்: "பஸ் இல்லாதத்தால தான் சார் போவல."

"அது இதுல இல்லியேம்மா."

இல்லைதான். அந்தக் கேள்வியை நந்தினி கேட்க நினைத்தாள். வேண்டாம் என்றவள் நான். சில மாதம் கழித்து எழுத்தில் பதில் வந்தது. சமர்ப்பிக்கப்பட்ட விவரங்களின்படி அந்தத் தடத்தில் போதிய பயணிகள் இல்லை. என் அட்டவணையையே மேற்கோள் காட்டியிருந்தார்கள். அந்த வாக்கியத்தில் ஒரு குறைகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் வருகைப் பதிவு போதவில்லை என்று நந்தினியைத் தேர்வு எழுத விடவில்லை. அடுத்த வருடம் எழுதலாம் என்றார்கள். நான் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். விடுதியில் சேரச் சொன்னேன். அந்தக் கல்லூரிக்கு விடுதி கிடையாது. ராயபுரத்தில் தனியார் விடுதி பார்த்துத் தருகிறேன் என்றேன். அதற்குள் அவளே ஒரு முடிவு எடுத்திருந்தாள். அதை எனக்குச் சொல்லவில்லை.

6

டிசம்பரில் மூன்று நாள் மட்டும் ஊருக்குப் போனேன். மீரா வரவில்லை, தோழிகளோடு கடற்கரைக்குப் போகும் திட்டம் வைத்திருந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராக டாக்சியில் குடியிருப்புக்குப் போனேன். டாக்சிக்காரரே இரண்டு முறை வழி தவறினார்.

வரைபடத்தில் நான் பார்த்த பஸ் ஸ்டாண்ட் இருந்தது. தகரக் கூரை, சிமென்ட் பெஞ்ச், எல்லாம் சரியாகக் கட்டியிருந்தார்கள். பெஞ்சில் துணி காயப் போட்டிருந்தது.

அண்ணி கொஞ்சம் பருத்திருந்தாள். நடக்கிறவள் நடக்காமல் போனால் வரும் பருமன். சாலையைத் தாண்டினால் கடை, கடையைத் தாண்டினால் பொட்டல், வேறு எங்கே போவது என்றாள். என்னைக் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. நந்தினி மாலையில் சீருடைச் சட்டையோடு வந்தாள். பக்கத்துக் கண்டெய்னர் கிடங்கில் வேலை. நடந்து போகிற தூரம்.

"என்ன வேலைம்மா?"

"கேட்டாண்ட கம்ப்யூட்டர்ல எண்ட்ரி. எந்த லாரி எத்தினி மணிக்கு உள்ள வருது, எத்தினி மணிக்கு வெளிய போவுது, எங்க போவுது. அவ்ளோதான் அத்த."

"காலேஜ்?"

"அது முடிஞ்சி போச்சு அத்த. வுட்டுடுங்க."

"நந்தினி, அந்த நோட்டுல நீ கேட்ட கேள்வியை நான்தான்…"

"உங்களுக்கு இன்னா தெரியும், நீங்க அங்க கீறீங்க" என்றாள். என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். மீன் கடையில் வாங்கியது, ஐஸில் வெகுநாள் கிடந்தது. அண்ணி அதைப் பார்க்காமல் சாப்பிட்டாள்.

மறுநாள் நந்தினியோடு ஷேர் ஆட்டோவில் போய் ரயில் பிடித்துக் காசிமேடு போகலாம் என்று நினைத்தேன். அந்த வழியை என் உடம்பால் ஒரு முறையாவது அறிய வேண்டும் என்று ஆசை. அவளுக்கு ஷிப்ட் இருந்தது. நான் தனியாகப் போனேன். ஆட்டோவில் நாற்பது நிமிடம் ஆள் சேரக் காத்திருந்தேன். லெவல் கிராசிங்கில் பொறுமை போய் இறங்கி, லாரிகளின் நடுவே நடந்து போய் நிலையத்தைப் பிடித்தேன். ரயிலில் கால் வீங்கியிருந்தது. இதை அவள் இரண்டு வருடம் தினமும் இரண்டு முறை செய்திருக்கிறாள்.

அண்ணன் படகுகளுக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டான். டீ வாங்கி வந்தான். படகைப் பற்றி, மீன் குறைந்துபோனதைப் பற்றி, மீராவின் கார் பழக்கத்தைப் பற்றிப் பேசினோம். நாங்கள் வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். முந்தின நாள் டாக்சியில் வரும்போதே பார்த்திருந்தேன். சாலை நன்றாக அகலமாக இருந்தது.

"போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போகலியாமே?" என்று கேட்டேன்.

"போய்கினுதான் இருந்தேன். போயி சேந்து, குளிச்சி, துன்னு, படுத்து எழுந்தா கெளம்பணும். அவ மூஞ்சிய அவ வச்சிகினு இருப்பா, என் மூஞ்சிய நான் வச்சிகினு இருப்பேன். பேஜாரு." வலையைப் பார்த்தபடியே சொன்னான். "இங்கயே நாலு பேரு சேந்து ஒரு ரூமு எட்த்துகீறோம் பாப்பா. இனிமே நான் அங்க போறாப்ல இல்ல."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"சொல்லல. தெரிஞ்சிகினு இருப்பா."

அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அண்ணா, அன்றைக்கு நான் சொன்னது என்று ஆரம்பித்தேன். அவன் கையை அசைத்தான்.

"அத்தெல்லாம் இன்னாத்துக்கு இப்போ. எல்லாந்தான் போட்டாங்க கையெழுத்து."

வெயில் ஏறியது. எனக்கு மறுநாள் விமானம். சாலை வரைக்கும் கூட வந்தான். ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஒரு ஆட்டோவை நிறுத்தி, டிரைவரிடம், "தங்கச்சி, பாத்து இட்டுகினு போ நைனா" என்றான். நான் ஏறி உட்கார்ந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"அடுத்த தபா எப்ப வருவே?"

"ரெண்டு வருஷம் ஆகும்ணா."

"வந்தா நேரா இங்கயே வந்துடு. இங்கயே ஏதாவது சாப்டுகினு பேசிகினு இருக்கலாம். அந்த வூட்டுக்குலாம் போய்கினு இருக்காதே பாப்பா. ரொம்ப தூரம்."